செவலைக்கு லாடம் கட்டாத கதை

லாடம் கட்டுறதுன்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது போலீஸ் ஸ்டேஷன் தான். நான் சொல்ல வந்தது நிஜ லாடம், நிஜக் குதிரை. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, மூடி வெச்சிருந்த விஷயம். போன வாரம் ஒரு சின்ன சம்பவம் நடந்ததால இன்னைக்கு எப்படியாவது முடிச்சிடணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம். டீ போட்டு வெச்சிக்கிட்டுப் படிங்க.

உச்சிப்புளிப் பக்கம் எங்க மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. ராமநாதபுரத்துலேருந்து மண்டபம் போற வழியில, ரயில்ல போனா ஜன்னல்லேருந்தே தெரியும். வண்டிப் பந்தயத்துல ஓடி ஓய்ஞ்ச ஒரு மட்டக்குதிரையை மாமா 2017-ல வாங்கிட்டு வந்து தோப்புல கட்டினார். பொட்டைக் குதிரை. நிறம் செவலை, அதனால பேரும் செவலை. "எதுக்கு மாமா இது?"ன்னு கேட்டா "சும்மா ஒரு அழகுக்குடா"ன்னு சிரிப்பார். பக்கத்துல ஐ.என்.எஸ். பருந்துலேருந்து ஹெலிகாப்டர் கிளம்புற சத்தத்துக்கு முதல் ஒரு மாசம் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிச்சு. அப்புறம் பழகி, அண்ணாந்து கூடப் பார்க்கறதில்லை.

2019-ல மாமா போயிட்டார். தோப்பு அத்தை பேர்ல. குதிரை யார் பேர்லயும் இல்லை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துக்கறேன்னு நான் தான் வாயைக் கொடுத்தேன்.

செவலைக்கு நாலு கால்லயும் லாடம் உண்டு. மதுரைப் பக்கத்துலேருந்து ஒருத்தர் ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை பஸ் பிடிச்சு வருவார். பழைய லாடத்தைக் கழட்டி, குளம்பை வெட்டி, அரத்தால ராவி, புதுசை ஆணி அடிச்சுட்டுப் போவார். மாட்டுக்குக் கட்டுற மாதிரி இல்லை இது. மாட்டுக்குக் குளம்பு ரெண்டாப் பிளந்திருக்கிறதால லாடமும் ரெண்டு துண்டு, மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்ச்சுத்தான் அடிப்பாங்க. குதிரை நின்னுக்கிட்டே இருக்கும். லாடக்காரர் குனிஞ்சு, காலை மடிச்சுத் தன் தொடை நடுவுல இடுக்கிக்குவார். ஒரு மணி நேரம் அப்படிக் குனிஞ்சு வேலை பார்த்துட்டு அவர் நிமிர்ந்து நிக்கிற நேரம் நமக்கு முதுகு வலிக்கும்.

2020 மார்ச்ல ஊரடங்கு வந்துச்சு. பஸ் இல்லை, ரயில் இல்லை, லாடக்காரர் எங்கேருந்து வருவார்? ரெண்டு மாசம் தாண்டினதும் குளம்பு வளர்ந்து லாடத்தைத் தள்ளிக்கிட்டு வெளியே வந்துடுச்சு. ஒரு நாள் முன்னங்கால் லாடம் ஒண்ணு தானாவே கழண்டு விழுந்துச்சு. தோப்பைப் பார்த்துக்கற அண்ணன் போன்ல கேட்டு, குறடு வெச்சு மத்த மூணையும் நெம்பி எடுத்துட்டார். ஒண்ணை வாசப்படியில அடிச்சிருக்கார், திருஷ்டிக்கு.

லாடம் போனதும் செவலை நல்லாத்தான் இருந்துச்சு. மணல்ல ஓடிச்சு, உருண்டுச்சு. வீட்ல அடைஞ்சு கிடந்த நேரத்துல நான் இன்டர்நெட்ல மேய்ஞ்சதுல, வெளிநாட்டுல இதை ஒரு கொள்கையாவே வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. ஜெய்ம் ஜாக்சன்னு ஒருத்தர். லாடம் அடிக்கிறது தான் அவர் தொழில். 1980-கள்ல அமெரிக்காவுல காட்டுக் குதிரைக் கூட்டங்கள் பின்னாடியே சுத்தி, ஆணியே பார்க்காத அந்தக் குளம்புகள் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பார்த்துட்டு, லாடத்தை விட்டுட்டார். 1992-ல புஸ்தகமும் போட்டார். படிச்சதும் எனக்குள்ள ஒரு ஞானோதயம். லாடம் வேண்டாம், செலவு மிச்சம், இயற்கைக்குத் திரும்பிட்டோம்!

அவர் என்ன சொன்னாருன்னு முழுசாப் படிக்காம, எனக்கு வசதியானதை மட்டும் படிச்சிருக்கேன். லாடம் வேண்டாம்னு தான் சொன்னார், வேலை வேண்டாம்னு சொல்லலை.

குதிரைக் குளம்பு நம்ம நகம் மாதிரி தான். அதே கெரட்டின். மாசத்துக்கு முக்கால் சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வளரும். மேலே மயிர் முடியற இடத்துல முளைச்சது தரைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். காட்டுக் குதிரை தீனிக்கும் தண்ணிக்கும் தினம் கல்லுலயும் கட்டாந்தரையிலயும் மைல் கணக்கா நடக்குது. வளர்றதும் தேயறதும் சரியாப் போயிடுது. எங்க தோப்புல இருக்கறது மெத்து மெத்துன்னு மணல், நடையோ தொட்டிக்கும் தென்னைமரத்துக்கும் நடுவுல முப்பது அடி. எங்கேருந்து தேயும்? லாடம் இருந்த வரைக்கும் ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வந்து வெட்டினார். லாடத்தை நிறுத்தினப்போ வெட்டுறதையும் சேர்த்து நிறுத்திட்டேன். குளிக்க வேண்டாம்னதும் பல்லு விளக்கறதையும் விட்ட கதை.

2021 நடுவுல பார்த்தா முன்னங்குளம்பு ரெண்டும் பழைய காலத்து ஜமீன்தார் செருப்பு மாதிரி முன்னாடி நீண்டிருக்கு. ஓரம் மணி மாதிரி விரிஞ்சு, கீழேருந்து மேல ஒரு கீறல். பயந்து போய் ஆசாரி அரம் ஒண்ணு வாங்கி நானே ராவினேன். எதுவரைக்கும் எடுக்கணும்னு தெரியலை. அடியில பார்த்தா சுவருக்கும் உள்ளங்காலுக்கும் நடுவுல மங்கலா ஒரு வெள்ளைக் கோடு சுத்தி வரும். அது தான் எல்லைன்னு எனக்கு அப்போ தெரியாது. ஓரத்தை மட்டும் எடுக்காம உள்ளங்காலையும் சேர்த்துச் சுரண்டிட்டேன். லேசா ரத்தக்கசிவு. செவலை காலை உதறிட்டு என்னைப் பார்த்துச்சு பாருங்க, அதை எழுத வேண்டாம்.

அந்தக் குற்ற உணர்ச்சியில நான் செஞ்சது அடுத்த தப்பு. நல்லாக் கவனிச்சுக்கறதா நினைச்சுக்கிட்டு கொள்ளு கூடுதல், தவிடு கூடுதல், போதாக்குறைக்குக் கருப்பட்டி. போறவன் வர்றவன் எல்லாம் ஒரு துண்டு கருப்பட்டி நீட்டினாங்க, அதுவும் வாங்கிக்கிச்சு. அந்த ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை வேற. தோப்புல தண்ணி நின்னுச்சு. குளம்புக்கு அடியில நடுவுல அம்புமுனை மாதிரி ரப்பர் பதத்துல ஒண்ணு இருக்கும். வெள்ளைக்காரன் அதுக்குத் தவளைன்னே பேர் வெச்சிருக்கான். கால் ஊனுறப்போ அதிர்ச்சியைத் தாங்கறதுல அதுக்கும் பங்கு உண்டு. அந்தத் தவளையோட ரெண்டு பக்கப் பள்ளத்துலயும் கறுப்பா அழுகி, கிட்ட போனாலே நாத்தம்.

மார்கழி ஆரம்பத்துல ஒரு காலை அண்ணன் போன் பண்ணார். "தம்பி, குருதை நடக்க மாட்டேங்குது. ஒரு மாதிரி நிக்கிது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி வெச்சு, பாரத்தை எல்லாம் பின்னங்கால்ல போட்டு, சாய்வு நாற்காலியில உக்காரப் போற கிழவன் மாதிரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. குளம்பைத் தொட்டா சுடுது.

ரிட்டயர் ஆன கால்நடை டாக்டர் ஒருத்தர் தெரிஞ்சவர். போட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிஷம் கூப்பிட்டார். முதல் கேள்வி, "என்ன தீனி போட்டே?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

லாமினைட்டிஸ்னு பேர். குளம்புச் சுவருக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவுல விசிறி மடிப்பு மாதிரி அடுக்கடுக்கா சதை இருக்கு. குதிரையோட மொத்த எடையும் அந்த மடிப்புகள்ல தான் தொங்குது. தானியமும் சர்க்கரையும் அளவு மீறினா உடம்புக்குள்ள நடக்கிற களேபரத்துல அந்த மடிப்புகள் புண்ணாகி வீங்கும். வெளியே சுவர் இறுக்கம், வீக்கம் போக இடமில்லை. நகச்சுத்தி வந்தவங்களுக்கு அந்த வலி தெரியும். அந்த விரல் மேல உடம்பு எடையைப் போட்டு நின்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. மடிப்பு விட்டுப்போச்சுன்னா எலும்பு கீழே சரிஞ்சு உள்ளங்காலைத் துளைக்கவும் வாய்ப்பு இருக்கு. அப்படி ஆயிட்டா காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம்.

"எக்ஸ்ரே எடுக்காம எவ்வளவு சரிஞ்சிருக்குன்னு சொல்ல முடியாது. தானியத்தை இப்பவே நிறுத்து. வெறும் காஞ்ச புல். ஐஸ் தண்ணியில காலை நிறுத்து. வலி மருந்து எழுதித் தர்றேன். மேடான இடத்துல ஒரு அடி ஆழத்துக்குக் காஞ்ச மணல் போட்டு அதுல விடு. நடக்க வைக்காதே"ன்னார். வெச்சுட்டு திரும்பவும் கூப்பிட்டு, "ரொம்ப வலின்னா ஒரு முடிவு எடுக்க வேண்டி வரலாம். மனசைத் தயார் பண்ணிக்கோ"ன்னார்.

எந்த மணல்னால குளம்பு தேயாமக் கெட்டுச்சோ, அதே மணல் தான் இப்போ மருந்து. மீன் கம்பெனியிலேருந்து ஐஸ் கட்டி வந்துச்சு. ராமேஸ்வரம் பக்கம் எது கிடைக்கலைன்னாலும் ஐஸ் கிடைக்கும். அத்தை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டுச் சொன்னாங்க, "தம்பி, அது படுற பாட்டைப் பார்க்க முடியலை. யாராச்சும் கேட்டா குடுத்துரு." ஒரு புரோக்கர் வந்து பார்த்துட்டு விலையும் சொன்னான். நடக்க முடியாத குதிரையை எதுக்குடா வாங்கறேன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லலை. அனுப்பிட்டேன்.

இந்த இடத்துல ஒரு சின்ன கொசுவத்தி, எழுநூறு வருஷத்துக்குப் பின்னாடி.

செவலையை மணல்ல நிறுத்தி வெச்சிருந்த ராத்திரிகள்ல நான் படிச்சது பாண்டிய நாட்டுக் குதிரை வியாபாரம். 1290-கள்ல இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வெச்சிருக்கார்: இங்கே ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல குதிரை வாங்கறார், அவர் சகோதரர்களும் ஆளுக்கு அவ்வளவு வாங்கறாங்க, ஆனா வருஷக் கடைசியில நூறு கூட உயிரோட மிஞ்சறதில்லை. காரணம், கவனிக்கத் தெரியலை. குதிரை விக்கிற வியாபாரிங்க குதிரை வைத்தியம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டு வர்றதும் இல்லை, வர விடறதும் இல்லை. குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! நல்ல ஜாதிக் குதிரைகளைச் சேர்த்தாலும் இங்கே பிறக்கிற குட்டி கால் கோணலாத்தான் பிறக்குதுன்னு வேற சொல்றார்.

அதுக்குக் கொஞ்சம் பிந்தின பாரசீகக்காரர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமாச் சொல்றார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார், கடல்ல செத்துப்போனதுக்கும் சேர்த்துக் காசு குடுக்கணுமாம். நான் நிமிர்ந்து உக்காந்தது அடுத்த வரியில. வந்து இறங்கின குதிரைக்கு வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சின பாலும் கொடுத்து, நாப்பது நாள் லாயத்துல முளையடிச்சுக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பாங்களாம். அப்புறம் பழக்காமலே ஏறி ஓட்டுவாங்களாம். கொஞ்ச நாள்ல காத்து மாதிரி ஓடின குதிரை தள்ளாட ஆரம்பிச்சிடுமாம்.

கட்டிப்போட்டு, அசைய விடாம, தானியமும் வெண்ணெயும். நான் கருப்பட்டி கொடுத்தேன், பாண்டியன் வெண்ணெய் கொடுத்திருக்கான். எல்லாமே லாமினைட்டிஸ்னு நான் சொல்ல வரலை, வெயில், பூச்சி, வேற வியாதி எவ்வளவோ இருந்திருக்கும். ஆனா அந்த ரெண்டாயிரத்துல பாதியாவது செவலை மாதிரி முன்னங்காலை நீட்டிக்கிட்டுத் தான் நின்னிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். மாணிக்கவாசகருக்கு வந்த குதிரைங்க பரவாயில்லை, ராத்திரியே நரியா மாறி ஓடிப்போச்சு :)

சரி, கதைக்கு வருவோம். மூணு வாரத்துல சூடு இறங்குச்சு. எலும்பு துளைச்சுக்கிட்டு வரலை. ஆனா குளம்பைச் சரி பண்ண ஆள் வேணும். அப்போ கிடைச்சவர் தான் பாய். ராமேஸ்வரத்துல ஒரு காலத்துல ஸ்டேஷன்லேருந்து கோயிலுக்குக் குதிரை வண்டி ஓட்டினவர், எழுபத்தஞ்சு தாண்டின ஆள். ராவுத்தர். அந்தப் பேருக்கே குதிரைவீரன்னு தான் அர்த்தம், அதை அவர் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்துவார்.

பாய் வந்தார். குளம்பைப் பார்க்கலை. முதல்ல செவலை கழுத்தைத் தடவிக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா நின்னார். அப்புறம் காலைத் தூக்கி, மடிச்சு, அடியை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்த்தார். மாம்பழம் வாங்கறவங்க காம்பை மோந்து பார்ப்பாங்களே, அப்படி. மூஞ்சியைச் சுளிச்சார்.

"யாரு தம்பி இதைச் சொரண்டுனது?"

"நான் தான் பாய்."

"நல்லாருக்கு. உங்க காலை நான் சொரண்டவா?"

அவர் கத்துக்கொடுத்தது இவ்வளவு தான். தினம் வளைஞ்ச கொக்கியால குளம்பைக் குடைஞ்சு சுத்தம் பண்ணணும், குதிகால்லேருந்து நுனிப்பக்கமா, தவளையைக் குத்தாம. உள்ளங்காலைத் தொடவே கூடாது, அது தானா உதிரும். விரிஞ்ச ஓரத்தை மட்டும் வெளிப்பக்கமிருந்து எடுத்து, முனையைச் சட்டி விளிம்பு மாதிரி உருட்டி விடணும். இல்லேன்னா நடக்கிறப்போ அந்த ஓரமே நெம்புகோலா மாறிப் பிளக்கும். ஒரேயடியா எடுக்கக்கூடாது, மூணு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. "அவசரப்பட்டா ஆவாது. மேலேருந்து புதுக் குளம்பு எறங்கி வரணும். அதுவரைக்கும் நீங்க காத்துக் கெடக்கணும்."

"திரும்ப லாடம் கட்டிடலாமா பாய்?"ன்னு கேட்டேன். "தார் ரோட்டுல வண்டி இழுக்கப் போவுதா? இல்லேல்ல. மண்ணுல நிக்கிறதுக்கு எதுக்கு லாடம்? ஆனா கல்லு காட்டுங்க. கல்லு காட்டாத குளம்பு மக்கிப் போவும்"ன்னார்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் முன்னாடி ஜெனபோன்ங்கிற கிரேக்கப் படைத்தலைவன் இதையே எழுதி வெச்சிருக்கான். அவங்ககிட்ட ஆணி லாடம் கிடையாது. லாயத்துக்கு வெளியே நாலஞ்சு வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டி, அது மேல குதிரையை நிறுத்து, குளம்பு தானா உறுதியாகும்னு யோசனை சொல்றான். பாய் ஜெனபோனைப் படிச்சிருக்க வாய்ப்பில்லை. ஜெனபோனும் ராமேஸ்வரம் வந்ததில்லை.

கல்லுக்கு எங்கே போறது? அந்தக் காலத்துல இந்தக் கரையில பவளப்பாறையை வெட்டி எடுத்து சுண்ணாம்புக் காளவாசல்ல போட்டாங்க. இப்போ அதைத் தொட்டா ஜெயில், 2001-லேருந்து பவளமும் புலியும் சட்டத்துல ஒரே பட்டியல். சந்தோஷம் தான். ஒரு லோடு சின்ன ஜல்லி வாங்கி, தண்ணித் தொட்டியைச் சுத்திக் கொட்டினேன். தண்ணி குடிக்கணும்னா கல்லு மேல வந்து தான் ஆகணும். ஆனா கால் நல்லா ஆறினதுக்கு அப்புறம் தான் இது, அதுவும் முதல்ல மணல் கலந்து. புண்ணோட இருக்கிறப்போ கல்லுல நிறுத்தியிருந்தா அது கொடுமை.

2023-ல யாழ்ப்பாணம் போற வாய்ப்பு கிடைச்சப்போ நெடுந்தீவுக்கும் போனேன். ராமேஸ்வரத்துலேருந்து பார்த்தா கச்சத்தீவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவு. படகுல கொஞ்ச தூரம், ஆனா தலைமன்னார் கப்பல் நின்னு நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதனால சென்னை போய், பலாலிக்கு ப்ளேன் பிடிச்சு, பஸ் ஏறி, குறிகட்டுவான்லேருந்து படகுல ஒரு மணி நேரம். அங்கே போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் விட்டுப்போன குதிரைகளோட வம்சம் நூத்துக்கணக்குல சுத்துது. தரை பூரா பவளக்கல், வேலியும் பவளக்கல் அடுக்கினது. ஆணியும் அரமும் இல்லாம அந்தக் குளம்புங்க குட்டையா, உருண்டையா, ஓரம் மழுங்கி இருந்துச்சு. பாய் சொன்ன சட்டி விளிம்பு! எத்தனையோ நாள் நான் அரத்தோட மல்லுக்கட்டினதை அந்தத் தரை சும்மா செஞ்சிருக்கு.

ஆனா அவசரப்பட்டு இதுவே சொர்க்கம்னு சொல்லிட மாட்டேன். பல குதிரைகளுக்கு விலா எலும்பு எண்ணலாம். கோடையில தண்ணி இல்லாம அங்கே குதிரைங்க சாகறது வழக்கமாப் போச்சு. ஆஸ்திரேலியாவுல காட்டுக் குதிரைகளை ஆராய்ச்சி பண்ணவங்களும் மணல்ல வாழற குதிரைக்குக் குளம்பு நீண்டு விரிஞ்சிருக்குன்னும், கரடுமுரடான தரையில வாழறதுலயும் பழைய லாமினைட்டிஸ் அடையாளம் இருக்குன்னும் எழுதியிருக்காங்க. இயற்கை, இயற்கைன்னு 2020-ல குதிச்ச எனக்கு இதெல்லாம் தேவை தான்.

செவலை குளம்புல அந்த மார்கழியோட அடையாளம் ஒரு வளையமா இருந்துச்சு, மரத்துல இருக்கற மாதிரி. மாசாமாசம் அது கீழே இறங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வளையத்துக்கு மேல வந்தது புதுசு, நேராவும் பளபளப்பாவும். கீழே இருந்தது பழசு, கோணல். நடுவுல ஒரு தடவை நுனியில சீழ் கட்டி உடைஞ்சு, மறுபடி நொண்டி, மறுபடி ஐஸ். 2023 பொங்கலுக்குக் கிட்ட அந்த வளையம் தரைக்கு வந்து, அரத்துல ராவித் தூளாப் போச்சு. அந்தத் தூளை நான் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கேன். அத்தைக்குத் தெரியாது.

இப்பவும் முழுக்கச் சரியாயிடுச்சுன்னு சொல்ல முடியாது. மணல்ல ஓடுது. ஜல்லியில மெதுவா, யோசிச்சு யோசிச்சுக் கால் வைக்குது. கருப்பட்டி அறவே கிடையாது. கொள்ளு ஒரு கைப்பிடி, அதுவும் டாக்டர்கிட்ட கேட்டு. கேட்டுல ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கேன், "குதிரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள்". அதைப் படிச்சுட்டே கொடுக்கறாங்க, அது வேற விஷயம்.

பாய்க்கு இப்போ கண்ணு சரியாத் தெரியலை. ரெண்டு வருஷமா அவர் தோப்புப் பக்கம் வரலை, மூணு வாரத்துக்கு ஒரு தடவை நான் தான் ராவறேன். போன ஞாயித்துக்கிழமை அவர் பேரன் பைக்ல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தான். கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய் செவலை பக்கத்துல நிறுத்தினேன். காலை நான் தூக்கிப் பிடிச்சேன். கட்டை விரலால குளம்போட ஓரத்தைச் சுத்தித் தடவினார், மெதுவா, ஒரு முழு சுத்து. அப்புறம் குனிய முடியாம குனிஞ்சு மோந்து பார்த்தார்.

நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"மண்ணு வாசம் தான் வருது"ன்னார். "அடுத்த காலைத் தூக்குங்க தம்பி."